மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம், விசா படிவத்தில் சொல்ல வேண்டுமா?

நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வியை விலாவாரியாகக் கேட்டிருக்கிறீர்கள். தை மாதம் சேலத்தில் கல்யாணம். மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி வேலையில் இருக்கிறார். தாலி கட்டிப் பத்தொன்பதாவது நாள் விமானம் ஏறிவிட்டார். நான்கு மாதமாக நீங்கள் ஏற்காட்டில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு எஸ்டேட் ஆபீஸ் வேலைக்குப் போய்வருகிறீர்கள். ஏஜென்ட் ‘ரிஜிஸ்டர் மேரேஜ் சர்டிபிகேட் ஒன்று போதும்’ என்கிறார். சித்தி பெண் ‘ஒரு வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தினால்தான் கொடுப்பார்கள்’ என்கிறாள். யார் சொல்வது சரி என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி கடைசி வரியில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது: அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை கல்யாணமாகி, ஆஸ்திரேலியாவிலேயே விவாகரத்தும் ஆகிவிட்டது, மாமியார் வீட்டில் அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார்கள், விசாவுக்கு மட்டும் சொல்ல வேண்டுமா? நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். முதல் கேள்வியில் ஆரம்பித்து அதற்கு வருகிறேன்.

நான் சேலத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப வழக்குகள்தான் அதிகம். அதன் ஓரமாக, வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த வீடுகளுக்கு இந்தப் பக்கத்துக் காகிதங்களைத் தயார் செய்து தருவதும் வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரேலியக் குடியேற்றச் சட்டத்தில் ஆலோசனை சொல்லும் பதிவு எனக்குக் கிடையாது. ஆகவே அந்தச் சட்டம் என்ன கேட்கிறது, நம் ஊர்க் காகிதத்தில் அதற்கு எது பதில் என்பதை மட்டும் சொல்வேன். விண்ணப்பத்தைப் போடும் முன் அங்கே பதிவுள்ள ஒருவர் பார்த்துவிடட்டும்.

உங்கள் ஏஜென்ட், சித்தி பெண் இருவருமே பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வருடக் கணக்கு கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் ஜோடிகளுக்கானது. அவர்களுக்குத்தான் பொதுவாகப் பன்னிரண்டு மாத உறவு இருந்திருக்க வேண்டும் என்ற விதி. சட்டப்படி கல்யாணம் ஆனவர்களுக்கு அப்படிக் குறைந்தபட்சக் காலம் எதுவும் இல்லை. இது உறுதி. அதே சமயம், சர்டிபிகேட் நிரூபிப்பது கல்யாணம் நடந்தது என்பதை மட்டும்தான். ஆஸ்திரேலிய இடப்பெயர்வுச் சட்டம் கணவன் மனைவி என்பதற்கு அதற்கு மேலும் கேட்கிறது: செல்லுபடியாகும் திருமணம், வேறு யாருக்கும் இடமில்லாத கூட்டு வாழ்க்கைக்கு இருவரும் மனமொப்பி இருப்பது, உறவு உண்மையானதாகவும் தொடர்வதாகவும் இருப்பது, சேர்ந்து வாழ்வது அல்லது நிரந்தரமாகப் பிரிந்து வாழாமல் இருப்பது. அந்தக் கடைசி ‘அல்லது’ உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றும் சொல். அவர் வேலைக்காக அங்கே, நீங்கள் விசாவுக்காக இங்கே என்றால் அது நிரந்தரப் பிரிவு ஆகாது.

இதை அதிகாரி நான்கு பக்கமாகப் பார்ப்பார். பணம், வீட்டு நடப்பு, ஊர் உலகம் உங்களை எப்படி அறிந்திருக்கிறது, ஒருவர்மீது ஒருவருக்குள்ள பிடிப்பு. நான்கிலும் நூற்றுக்கு நூறு வேண்டியதில்லை. ஒன்று மெலிந்திருந்தால் அது ஏன் மெலிந்தது என்று சொல்லிவிட்டால் போதும். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் முதல் இரண்டும் மெலிந்துதான் இருக்கும், மூன்றாவது பலமாக இருக்கும். நம் ஆட்கள் அந்த மூன்றாவதைத்தான் வீட்டுப் பரண்மேல் போட்டுவிட்டு, அவசர அவசரமாக ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்க ஓடுகிறார்கள்.

நான் முதலில் கேட்பது மொய் நோட்டை. சிரிக்காதீர்கள். நீளவாக்கில் இருக்கும் அந்தக் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள், கீழே உங்கள் இருவர் பெயர், மண்டபம், தேதி. அப்புறம் வரிசையாக மேட்டூர் பெரியப்பா 5,001, ஆத்தூர் மாமா 1,001, எஸ்டேட் மேஸ்திரி 200 என்று போகும். பந்தி சூடுபிடிக்கப் பிடிக்க எழுதினவரின் கையெழுத்து கோணிக்கொண்டே போயிருக்கும். எத்தனை ஊர், எத்தனை உறவு உங்களைக் கணவன் மனைவி என்று ஏற்று வந்து சாப்பிட்டுப் போனது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் கிடையாது. எந்த அரசாங்கப் பட்டியலிலும் மொய் நோட்டு என்று எழுதியிருக்காது, அதிகாரி அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பார் என்பது அவர் கையில். ஆனால் நோட்டு முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். அட்டைப் பக்கமும் இரண்டு உள்பக்கமும் போதும், கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை இங்கேயே செய்யலாம். மொழிபெயர்த்தவர் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் ஆகியவற்றை அதில் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அதே வரிசையில் கல்யாணப் பத்திரிகை, நிச்சயதார்த்தப் படம், மண்டப ரசீது, மறுவீட்டு விருந்துப் படங்கள், குலதெய்வக் கோயிலுக்குப் போனது. கல்யாணத்தன்று எடுத்த நானூறு படங்களை யாரும் பார்க்கப் போவதில்லை. பத்துப் படம் எடுத்து, யார் யார் நிற்கிறார்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். கல்யாணத்துக்கு வெளியே எடுத்த படங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். ஏற்காட்டு ஏரிக்கரையில் யாரோ வழிப்போக்கர் எடுத்துக் கொடுத்த, தலை பாதி வெட்டுப்பட்ட செல்ஃபோன் படம் இருக்கும் பாருங்கள், அதை விட்டுவிடாதீர்கள். தலை தீபாவளிக்கு அவர் லீவு போட்டு வர முடியுமானால் அந்தப் பயணச்சீட்டுக்கு நூறு வாட்ஸ்அப் பக்கத்தின் பலம் உண்டு.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயிரம் பக்கம் அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். பதிவேற்றும் கோப்புகளுக்கு எண்ணிக்கையிலும் அளவிலும் வரம்பு இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம், அழைப்புப் பட்டியலின் சில ஸ்கிரீன்ஷாட்டுகள், அது போதும். தினமும் நான்கு மணி டீ நேரத்தில் பேசுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது மெல்பர்னில் இரவு எட்டரை, கோடையில் அங்கே கடிகாரத்தை மாற்றினால் ஒன்பதரை. அந்த நேரம் மாதக்கணக்காக அப்படியே திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினால் போதும். என்ன கொஞ்சிக்கொண்டீர்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லை.

பிறகு, நீங்களும் அவரும் தனித்தனியாக எழுத வேண்டிய வாக்குமூலம். இதில்தான் நான் ஒருமுறை நன்றாகப் பட்டேன். ஒரு பெண்ணின் ஃபைல் வேறொரு ஏஜென்ட் போட்டு நிராகரிப்பு ஆனபின் என்னிடம் வந்தது. கணவன் வாக்குமூலமும் மனைவி வாக்குமூலமும் சொல்லுக்குச் சொல் ஒன்று. ஒரே எழுத்துப்பிழை இரண்டிலும் அதே இடத்தில். போதாக்குறைக்கு, அந்தப் பெண் ஓமலூர்க்காரி, வாக்குமூலத்தில் ‘நாமக்கல்லில் உள்ள எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சந்தித்தோம்’ என்று இருக்கிறது. முந்தைய வாடிக்கையாளரின் கதை! அந்தப் பெண்ணிடமே கதையைக் கேட்டேன். பெண் பார்க்க வந்த அன்று மின்சாரம் போய்விட்டதாம், மாப்பிள்ளை செல்ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கேசரி சாப்பிட்டாராம். இதை ஏனம்மா எழுதவில்லை என்றால், ‘இதெல்லாம் எழுதலாமா சார்?’ என்கிறாள். எழுதலாம். ஜாதகம் யார் கொண்டுவந்தார், எத்தனை தடவை பார்த்தீர்கள், முதல் முறை தனியாகப் பேசியபோது என்ன கேட்டார், எதற்குச் சண்டை வந்தது, எல்லாம் எழுதலாம். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. தமிழில் எழுதி மொழிபெயர்த்தும் போடலாம்.

வீட்டு நடப்புக்கு உங்களிடம் இருப்பது அந்தப் பத்தொன்பது நாட்கள்தான். அதில் எத்தனை நாள் மாமியார் வீட்டில், எத்தனை நாள் ஏற்காட்டில் என்று உள்ளபடி எழுதுங்கள். ஏஜென்ட் ஆதார் முகவரியையும் ஸ்மார்ட் கார்டையும் மாமியார் வீட்டுக்கு மாற்றச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே அங்கே குடிபோகும்போது மாற்றுங்கள். மலைமேல் இருந்துகொண்டு அம்மாப்பேட்டை முகவரி வாங்கிவைத்தால், உங்கள் எஸ்டேட் சம்பளச் சீட்டே அதைப் பொய்யாக்கும். பண விஷயத்தில் அவர் மாதாமாதம் உங்கள் கணக்குக்கு அனுப்புவது, இருவர் காப்பீட்டிலும் உங்கள் பி.எஃப்.பிலும் அவருடைய ஓய்வூதிய நிதியிலும் மற்றவரை நாமினியாகப் போடுவது, இவை போதுமான ஆரம்பம். ஒரு அப்பா பவுன் கணக்கும் கார் ரசீதும் சேர்த்து சீர்வரிசைப் பட்டியலையே ‘பண ஆதாரம்’ என்று கொண்டுவந்து நீட்டினார். கேட்டு வாங்கியதாக இருந்தால் அது 1961ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டத்துக்கான ஆதாரம் ஐயா, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் குறைந்தது ஐந்து வருடம் என்றேன். பட்டியலைச் சுருட்டிக்கொண்டு போனார்.

சரி, இரண்டாவது கேள்வி. சொல்ல வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. படிவம் இருவரிடமும் முந்தைய உறவுகளைக் கேட்கிறது, விவாகரத்து ஆணையின் நகலையும் கேட்கிறது. அவருடைய முதல் கல்யாணமும் விவாகரத்தும் அங்கேயே பதிவில் இருக்கும்போது மறைப்பதில் அர்த்தமும் இல்லை. பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்ததாகத் தெரிந்தால் ‘4020’ என்ற விதியில் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், அதன்பின் மூன்று வருடத்துக்கு அந்த விதிக்கு உட்பட்ட விசாக்கள் கிடைப்பது கடினம். விண்ணப்பதாரர் நீங்கள். மறைத்தது மாமியார் வீடாக இருந்தாலும் அடி விழுவது உங்கள் பாஸ்போர்ட்மேல்.

நான் பயப்படுவது படிவத்தைப் பற்றிக்கூட இல்லை. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இன்னொரு காகிதத்தைப் பற்றி. திருமணத்தைப் பதிவு செய்ய சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்த மனுவில், திருமணத்துக்கு முன் மணமகனின் நிலை என்ன என்று கேட்டிருப்பார்கள். திருமணமாகாதவரா, மனைவியை இழந்தவரா, விவாகரத்தானவரா என்று. அன்று மண்டபக் கணக்கு முடிக்கிற அவசரத்தில் அதை யார் நிரப்பினார்கள்? ஆவண எழுத்தர் வழக்கம்போல ‘திருமணமாகாதவர்’ என்று போட்டிருந்தால், விசா ஃபைலில் விவாகரத்து ஆணையும் அதற்கு முரணான பதிவும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். முதல் காரியமாக மனுவின் நகலை எடுத்துப் பாருங்கள். தவறாக இருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே விவாகரத்து ஆணையோடு அதே அலுவலகத்தில் திருத்தம் கேட்க வேண்டும், ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு.

அடுத்தது, உறுதியாக ஆமாம் இல்லை என்று சொல்ல முடியாத இடம். அந்த விவாகரத்து இந்தியாவில் செல்லுமா? ஆஸ்திரேலியாவில் பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தாலே விவாகரத்துக் கேட்கலாம், யார்மீதும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. முதல் கல்யாணம் அங்கேயே அந்நாட்டுச் சட்டப்படி நடந்திருந்தால் சிக்கல் குறைவு. ஆனால் அது இங்கே இந்து திருமணச் சட்டப்படி நடந்திருந்தால், உச்ச நீதிமன்றம் 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் சொன்னது குறுக்கே வரும். வெளிநாட்டு நீதிமன்றத்தின் ஆணை இங்கே செல்ல, நம் சட்டத்தில் உள்ள காரணத்தின்மேல் அது தரப்பட்டிருக்க வேண்டும், அல்லது எதிர்த் தரப்பு அந்த ஆணைக்கு மனமுவந்து சம்மதித்திருக்க வேண்டும் என்கிற மாதிரி நிபந்தனைகள் அதில் உண்டு. முதல் மனைவி ஆஜராகிச் சம்மதித்திருந்தால் நிம்மதி. அவர் இல்லாமலே ஒருதலையாக வாங்கிய ஆணை என்றால், உங்கள் திருமணமே கேள்விக்குள்ளாக வாய்ப்பிருக்கிறது. வெளிநாட்டில் நடந்த திருமணத்தை ஆஸ்திரேலியா ஏற்பது, பொதுவாக அது நடந்த நாட்டில் செல்லுபடியாவதைப் பொறுத்தது என்பதால் இந்த முடிச்சு விசா ஃபைல் வரைக்கும் நீளும். ஆணையைக் கையில் வைத்துப் படிக்காமல் எந்த வழக்கறிஞரும் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வியை உங்கள் கணவரிடமே நேரடியாகக் கேளுங்கள்: முதல் மனைவியை அவர் இதே விசாவில் ஸ்பான்சர் செய்து அழைத்துப் போனாரா? அல்லது அவரே ஒரு காலத்தில் மனைவி வழியாக அங்கே போனவரா? ஒருவர் வாழ்நாளில் இரண்டு பேரைத்தான் துணையாக ஸ்பான்சர் செய்ய முடியும், முந்தைய விண்ணப்பத் தேதிக்கும் அடுத்ததற்கும் ஐந்து வருட இடைவெளி வேண்டும். தானே துணை விசாவில் வந்தவருக்கும் அந்த ஐந்து வருடம் உண்டு. தவிர்க்க முடியாத வலுவான காரணம் காட்டினால் தளர்த்தலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. உங்கள் ஏஜென்ட் இதைக் கேட்கவே இல்லை என்பதிலிருந்து அவர் எவ்வளவு பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊருக்குத் தண்டோரா போட வேண்டியதில்லை. விசா ஃபைலை உங்கள் ஆத்தூர் மாமா படிக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் உறவைப் பற்றி 888 என்ற படிவத்தில் எழுதித் தரும் இரண்டு பேருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். அவருடைய நண்பர் நல்லெண்ணத்தில் ‘இது அவருடைய முதல் திருமணம்’ என்று எழுதிவிட்டால் ஃபைலே குடைசாயும். உங்கள் வாக்குமூலத்திலும், முதல் கல்யாணம் பற்றி எப்போது தெரிந்தது, தெரிந்தபின் ஏன் சம்மதித்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். நிச்சயத்துக்கு முன்பே தெரியும் என்றால் அது உங்கள் பக்கம் நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது என்றாலும் அப்படியே எழுதுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இங்கிருந்து போடுவது 309 என்ற தற்காலிகத் துணை விசா, அதோடு சேர்ந்தே நிரந்தர விசாவான 100க்கும் விண்ணப்பம் ஆகிவிடுகிறது. கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான், ஆனால் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். நிராகரித்தால் பொதுவாகத் திரும்பி வராது. சாதாரணமாக விண்ணப்பித்து இரண்டு வருடம் கழித்து இரண்டாம் கட்டத்தைப் பார்ப்பார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு தேவையில்லை. போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாக, மருத்துவப் பரிசோதனை அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும், அதற்குச் சென்னை போக வேண்டியிருக்கலாம். பெயர் விஷயத்தில் நம் ஊர் இனிஷியல் ஒரு தலைவலி. பத்திரிகையில் ஒரு பெயர், சர்டிபிகேட்டில் இனிஷியலோடு ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக என்று மூன்று விதமாக இருந்தால் மூன்றும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட் போடுங்கள். கணவர் பெயரைச் சேர்த்துப் பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. காத்திருக்கும் காலத்தில் விசிட்டர் விசாவில் போய்வரலாம். அந்த விசாவில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அங்கேயே இருந்துகொண்டு வேறு விசாவுக்கு மனுப் போட முடியாது.

ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி: உங்கள் ‘மார்ன்’ எண் என்ன? ஆஸ்திரேலியாவில் குடியேற்ற ஆலோசனை சொல்பவர்களுக்கு ஏழு இலக்கப் பதிவு எண் உண்டு, அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அங்குள்ள வழக்கறிஞர்கள் அந்த எண் இல்லாமலும் செய்யலாம். இங்கே உட்கார்ந்து கடை போட்டவருக்கு அந்தச் சட்டம் எட்டாது, பெரும்பாலும் எண்ணும் இருக்காது. ஃபைல் கட்டுவதற்கு அவரை வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம். முன்தேதி போட்டு எதையாவது தயாரித்துத் தருகிறேன் என்றால் கொடுத்த முன்பணத்தை மறந்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் ஃபைல் வந்தால் எல்லோரிடமும் சொல்வது. ஸ்பான்சர் செய்பவரும் போலீஸ் சான்று தர வேண்டும், வன்முறை தொடர்பான தண்டனை ஏதும் இருந்தால் அதை உங்களுக்குத் தெரிவிக்கவும் அந்த அரசுக்கு வழி இருக்கிறது. 309இல் அங்கே போய் இறங்கியபின் வீட்டில் அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்குவது என்று ஏதாவது நடந்து உறவு முறிந்தால், அதற்காகவே விசாவும் போய்விடும் என்பது பொய். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் தொடர்ந்து நிரந்தர விசா பெறச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. ‘ஒரு மெயில் போட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்’ என்று மிரட்டப்பட்ட பெண்ணின் அம்மா என் ஆபீஸில் வந்து அழுதிருக்கிறார். உங்கள் கணவரைச் சந்தேகித்து இதை எழுதவில்லை. அங்கே 131 450க்கு அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், அந்த எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு மண்டபக்காரரையும் போட்டோகிராஃபரையும் விரட்ட வேண்டாம். திங்கட்கிழமை மலையிறங்கி வரும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த மனுவின் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். கணவரிடம் விவாகரத்து ஆணையின் முழு நகலைக் கேளுங்கள், முதல் பக்கம் மட்டுமல்ல. முதல் மனைவி ஆஜரானாரா, முதல் கல்யாணம் எங்கே நடந்தது, அவருக்கு ஸ்பான்சர் செய்தாரா, இந்த மூன்றும் தெரிந்தபின் எழுதுங்கள். மீதியை அதை வைத்துச் சொல்கிறேன்.